ஐஸ் வைத்த ரத்தம்

பெட்டியின் மூடியைத் தூக்கியதும் ஆல்பினின் முகத்தில் சில்லென்று காற்று பட்டது. ரத்தப் பெட்டியிலிருந்து அப்படி ஒரு காற்று வரக் கூடாது. அவன் மூடியைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றான்.

உள்ளே பைகள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. காலையில் அவன் அடுக்கியதைவிட அழகாக. ஒவ்வொரு பையையும் செய்தித்தாளில் சுற்றி, பைக்கும் பைக்கும் நடுவே நொறுக்கின ஐஸைச் சின்னச் சின்னப் பாலித்தீன் உறைகளில் கட்டிச் செருகியிருந்தார்கள். அடியில் ஒரு வரிசை ஐஸ், நாலு மூலையிலும் ஐஸ், மேலே மறுபடி ஐஸ். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பையின் மேல் படவில்லை. அவன் ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்துவிட்டு வேறு டேப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டியிருந்ததை இப்போதுதான் கவனித்தான்.

ஒரு பையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். கடையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சோடா பாட்டில் மாதிரி இருந்தது.

"ஆன்மேரி, இத யாரு திறந்தது?"

வெளியே கவுன்ட்டரில் நாலைந்து பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஆன்மேரி எட்டிப் பார்த்தாள். அவள் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "நான் தொடலண்ணே. அந்த லோடு வண்டி அண்ணே கொண்டாந்து எறக்கி வச்சாரு. இங்க கூட்டத்தப் பாத்தீங்கல்ல, நீங்க வந்து மிஷின்ல சுத்தவிடுவீங்கன்னு அப்படியே வச்சுட்டேன். ஏன், ஒடஞ்சிருக்கா?"

"ஒடையல" என்றான் ஆல்பின். மீதி இரண்டு பெட்டிகளையும் திறந்தான். அவையும் அப்படியே.

அது மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்த மையம். கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத மூன்று அறைகள். மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஊரில் பாதிப் பேருக்கு டெங்குக் காய்ச்சல் வரும். கவுன்ட்டரில் நிற்கிறவர்கள் எல்லோரும் பிளேட்லெட் வேண்டும் என்பார்கள். ரத்தக் கசிவை அடைக்கும் அணு அது; தட்டணு என்று புத்தகத்தில் இருக்கிறது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்தப் பைகளை வைத்து நாள் முழுக்க மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும் அலமாரி ஒன்று உள்ளறையில் உண்டு. இன்று அது காலித் தட்டுகளை ஆட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மாடியில் பாண்டிமீனா இருந்தாள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தவள். ரத்தப் புற்றுநோய். அதற்குக் கொடுக்கும் மருந்து கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களையும் சேர்த்து அழித்துவிட்டது. நேற்றிலிருந்து ஈறில் ரத்தம் கசிகிறது. இன்றைக்குள் பிளேட்லெட் ஏற்ற வேண்டும் என்று மேலேயிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். அவளுடைய அண்ணன் பால்பாண்டி, ஊரைக் கூட்டி ரத்ததானம் நடத்துகிறேன், என் தங்கச்சிக்கும் ஆகும், கேட்கிறவர்களுக்கும் ஆகும் என்று முன்வந்ததால்தான் டி. கல்லுப்பட்டியைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் இந்த முகாமே நடந்தது.

மூன்று பெட்டி ரத்தம். குளிர் பட்டுவிட்டதால் இதில் ஒரு பையிலிருந்துகூட அந்தப் பெண்ணுக்குப் பிளேட்லெட் எடுக்க முடியாது.

ஆல்பின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, எங்கே தவறினோம் என்று முதலிலிருந்து யோசித்தான். அவன் எதையும் அப்படித்தான் யோசிப்பான். நல்லதோ கெட்டதோ, முதலிலிருந்து.

மையத்துக்கு இருப்பது ஒரே வேன். அது கல்லுப்பட்டியை முடித்துவிட்டு மதியம் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்து முகாமுக்குப் போக வேண்டும். பிளேட்லெட் எடுக்கிற ரத்தத்தை ஆறு மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் வைத்துச் சுற்றியாக வேண்டும். பெட்டிகள் வேனோடு திருப்பரங்குன்றம் போய் வந்தால் அது தாண்டிவிடும்; அங்கே ஆட்களை விட்டுவிட்டு ஆல்பின் மட்டும் பஸ்ஸில் முன்னால் வந்துவிடலாம், மூன்று பெட்டிகளோடு ஏற முடியாது. டாக்டர் மாதங்கியிடம் போனில் கேட்டான். மையத்தின் பொறுப்பு அவருடையது. "அந்த அண்ணன்ட்டயே வண்டி இருக்குல்ல? பெட்டிய ஒட்டி அவர்ட்ட குடுத்து விட்டுருப்பா" என்றார். பால்பாண்டியின் சின்ன லோடு வண்டி கழுவித் துடைத்துத் தயாராக நின்றது. ஆல்பின் பெட்டிக்குள் வெப்பத்தை அளவாக வைக்கிற தட்டுகளைப் போட்டான், பைகளை எண்ணி அடுக்கினான், டேப் ஒட்டினான். "வெயில் படாம பாத்துக்கங்கண்ணே" என்றான்.

அதோடு நிறுத்திவிட்டான். ஐஸ் வைக்காதீங்க என்று சொல்லவில்லை. அப்படி ஒருவர் வைப்பார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

பால்பாண்டிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வேலை. விமானத்தில் போகிற மல்லிகைப் பூவைப் பேக்கிங் செய்கிறவர். விடிவதற்குள் வந்து இறங்கும் மொட்டை, துபாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு பெண் தலையில் வைக்கும்வரை விரியாமல் வைத்திருப்பதுதான் அவர் தொழில். தெர்மோகோல் பெட்டி, தாள், ஐஸ். எங்கே எவ்வளவு ஐஸ், பூ கருகாமல் தாள் எத்தனை சுற்று என்பதெல்லாம் அவர் கைக்குப் பழக்கம். ஊரே கொடுத்த ரத்தம் வெறும் பெட்டியில், வேகாத வெயிலில் போகிறதைப் பார்த்துக்கொண்டு அந்தக் கை சும்மா இருக்குமா? திருமங்கலத்தில் ஐஸ் கடை முன் வண்டியை நிறுத்தியிருக்கிறார்.

"என்ன தம்பி, பேக்கிங் எப்படி?"

பால்பாண்டியே வாசலில் நின்றார். சட்டையில் இன்னும் ரத்ததானத்துக்குக் குத்திவிட்ட சிவப்புத் துணி இருந்தது. முகத்தில் களைப்பும் பெருமையும். "துபாய் போனாலும் வாடாது. உங்க டேப்பு சரியில்ல தம்பி, பாதி வழியில பிச்சுக்கிரும். நம்ம டேப்பு போட்டு விட்டேன்."

"பாத்தேண்ணே."

"எப்ப ஏத்துவாக? மேல கேட்டா கீழ கேளுங்கறாக."

"ஒரு மணி நேரம் குடுங்கண்ணே. சொல்றேன்" என்றான். சொன்ன பிறகுதான், இது ஒரு பொய்யின் முதல் பாதி என்று உறைத்தது.

கதவைச் சாத்திவிட்டு ஒரு பையை மட்டும் எடுத்து இயந்திரத்தில் வைத்தான். ஏன் செய்கிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. ஒருவேளை நடுவில் இருந்த பை அவ்வளவு குளிர்ந்திருக்காதோ. ஒருவேளை தான்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறோமோ. முறைப்படி சுற்றி, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரைப் பக்கத்துப் பைக்கு இறக்கி, மறுபடி சுற்றி, ஒரு துளி எடுத்து எண்ணும் கருவியில் வைத்தான். எண்ணிக்கை நன்றாகவே வந்தது. திரையில் அந்த எண்ணைப் பார்த்தபோது அவன் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது.

யாருக்குத் தெரியப் போகிறது? பெட்டியைத் திறந்தது அவன் மட்டும்தான். ஐஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீராகி வடிகாலில் போய்விடும். நேரக்கணக்கு சரி, எண்ணிக்கை சரி. பையில் ஒட்டுகிற சீட்டில் ஐஸைப் பற்றிக் கேட்க இடமே இல்லை.

பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து மெல்லச் சாய்த்தான். நல்ல பிளேட்லெட் என்றால், பட்டுத் துணியைத் திருப்பும்போது வருவது போல உள்ளே ஒரு மினுமினுப்பு சுழன்று போகும். தட்டையான அணுக்கள் ஒன்றாகத் திரும்பும்போது வருகிற பளபளப்பு அது. இந்தப் பையில் ஒன்றும் சுழலவில்லை. கஞ்சித் தண்ணீர் போல மந்தமாக இருந்தது. மறுபடி சாய்த்தான். இல்லை.

பூ மொட்டு குளிரில் மூடியே இருக்கும். பிளேட்லெட் நேர்மாறு. குளிர் பட்டால் அது தட்டை வடிவத்தை விட்டு உருண்டு, முள்ளு முள்ளாக விரிந்துவிடும். பிறகு எவ்வளவு சூடு காட்டினாலும் பழையபடி ஆகாது. உடம்பில் ஏற்றினால் கல்லீரல் அதைப் பிடித்து அழித்துவிடும். ஏற்றிய அன்று எண்ணிக்கை கூடும், மறுநாள் பார்த்தால் இருந்த இடம் தெரியாது. இதை அவன் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறான். கையில் பிடித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

டாக்டர் மாதங்கி வீட்டிலிருந்து வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சேலை, தலையில் பாதி வாடின பூ. ஆல்பின் ஒன்று விடாமல் சொன்னான். ஒரு பையைச் சுற்றிப் பார்த்ததையும் சொன்னான். கடைசியில், "நான் ஐஸ் வேணாம்னு சொல்லல மேடம். சொல்லிருக்கணும்" என்றான்.

அவர் பையை வாங்கி விளக்கில் சாய்த்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"அவர் வண்டியில குடுத்து விடுன்னு சொன்னது நான்தானப்பா. விடு."

"எங்கயோ வாசிச்சேன் மேடம். வெளிநாட்டுல அடிபட்டவங்களுக்குக் குளிர்ல வச்ச பிளேட்லெட்டையே குடுக்குறாங்களாமே."

"அது உடனே ஓட்டைய அடைக்கிறதுக்கு. அதுக்குன்னே தனியா தயார் பண்றது. நமக்கு அந்த அனுமதியும் கெடையாது. இந்தப் பொண்ணுக்கு ரெண்டு மூணு நாளு உடம்புக்குள்ள நின்னு வேல பாக்கணும். இது நிக்காது." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "நல்லவேளை, அந்த ஆளு பேப்பர் சுத்தி வச்சாரு. ஐஸ் நேரா படல. சிவப்பணு பொழச்சிருக்கும், சோதிச்சுட்டுப் பிரிச்சு வச்சுரு. பிரசவத்துக்கு, ஆபரேசனுக்கு ஆகும். இவளுக்கு வேற வழி பாக்கணும்."

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. ஒரு ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் ரத்தத்தை இயந்திரம் வழியே ஓட்டி, பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவருக்கே திருப்பி விடுவது. ஒரே ஆளிடமிருந்து ஐந்தாறு பேர் கொடுக்கிற அளவு கிடைக்கும். ஆன்மேரி போனை எடுத்து, அப்படிக் கொடுக்கிற வழக்கமான ஆட்களை அழைக்க ஆரம்பித்தாள். ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவர் சென்னையில். ஒருவர் முந்தாநாள்தான் வேறு மருத்துவமனையில் கொடுத்திருந்தார். மற்ற ரத்த மையங்களும் கையை விரித்தன.

ரத்த மாதிரி எடுக்க ஆல்பின் மூன்றாவது மாடிக்குப் போனான். பாண்டிமீனா தலையில் பருத்தித் துணி கட்டியிருந்தாள். கையெல்லாம் எறும்பு கடித்தது போலச் சிவப்புப் புள்ளிகள். பேசும்போது உதட்டைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டாள்.

"என்னண்ணே, எங்க ஊரு ரத்தம் எப்படி? காரமா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"எங்க அண்ணன் வந்து ஒரே அலப்பற. ஊர்ல இன்னார் குடுத்தான், இன்னார் குடுத்தான்னு. மாடசாமி பெரியப்பா குடுத்தாராமே? அவர் டீக்காசு குடுத்தே யாரும் பாத்ததில்ல." சிரித்தவள் ஈறு வலித்ததால் நிறுத்தினாள். "எப்பண்ணே அந்த மஞ்சப் பை வரும்? ராத்திரி தூங்கவே பயமா இருக்கு. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சா தெரியாதாமே."

"யாரு சொன்னா?"

"போன்ல பாத்தேன்."

"போனக் குடுத்துருங்க அம்மாகிட்ட" என்றான் ஆல்பின். ஊசி குத்தின இடத்தை வழக்கத்தைவிட வெகுநேரம் அழுத்திப் பிடித்தான். விட்டால் கசிந்தது. மறுபடி பிடித்தான்.

படியிறங்கும்போது முடிவு செய்துவிட்டான். சொல்லிவிட வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது.

பால்பாண்டி வண்டி நிறுத்துமிடத்தில் தன் லோடு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார். ஆல்பின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவே இல்லை. புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னான்.

"புரிஞ்சிருச்சு தம்பி" என்றார் பால்பாண்டி. கொஞ்சம் கழித்து, "கறி, மீனு, பாலு, பூவு... எல்லாம் ஐஸ்லதான நிக்குது?" என்றார்.

"ரத்தமும் ஐஸ்ல நிக்கும்ணே. பிளேட்லெட் மட்டும் நிக்காது. நான் சொல்லிருக்கணும். என் தப்பு."

"நீங்க சொல்லலன்னா நான் கேட்டிருக்கணும்ல. டேப்பப் பிச்சது யாரு?" அவர் தன் கைகளைப் பார்த்தார். "அம்புட்டுப் பேரும் கைய நீட்டுனாக தம்பி. களை வெட்டப் போனவுகள நிறுத்திக் கூப்புட்டு வந்தேன். நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போவேன்?"

"ரத்தம் வீணாகலண்ணே. வேற ஆளுகளுக்கு ஆகும்."

"என் தங்கச்சிக்கு ஆகாதுல்ல?"

ஆல்பின் இயந்திரத்தில் எடுக்கிற முறையைச் சொன்னான். பால்பாண்டி சட்டைக் கையை மடித்துவிட்டு எழுந்தார். "எடுங்க, வாரேன்."

"நீங்க ஆகாதுண்ணே. காலையில ரத்தம் குடுத்தவங்க ஒரு மாசத்துக்கு இதக் குடுக்கக் கூடாது. ரெண்டாவது, கூடப்பிறந்த ரத்தம் அவங்களுக்கு ஏத்துறதுல சிக்கல் இருக்கு. ரத்த உறவு இல்லாத ஆளு வேணும். பி பாசிட்டிவா இருந்தா நல்லது. காலையில குடுக்காத ஆளா இருக்கணும்."

"ஊர்ல குடுக்குற தெம்புள்ளவன் எல்லாம் குடுத்துட்டானே தம்பி. விட்டது கெழடு கட்டைதான்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். நிறுத்தியதிலேயே யாரோ ஒருவர் இருக்கிறார் என்று ஆல்பினுக்குத் தெரிந்தது.

அவனுக்கும் அந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தார். காலையில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரர். ஆல்பின் போய், "குடுக்கலையாண்ணே?" என்று கேட்டபோது, "கேக்க வேண்டியவன் கேக்கல தம்பி" என்றார். கொஞ்ச நேரம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார்.

"மீச வச்ச ஒருத்தர் வந்தாரே" என்றான் ஆல்பின்.

"முத்திருளன். என் மச்சினன். பக்கத்து ஊரு, டிராக்டர் வச்சிருக்காரு." பால்பாண்டி தரையைப் பார்த்துப் பேசினார். "பி பாசிட்டிவ்தான். என் சம்சாரம் பிரசவத்துக்கு அவருதான் குடுத்தாரு. எங்க வீட்டுக்கும் அவுக வீட்டுக்கும் முன்னால சம்பந்தம் கெடையாது, புது உறவுதான்."

"அப்ப கூப்புடுங்கண்ணே."

"பேச்சு வார்த்த இல்ல தம்பி."

கதை நீளமில்லை. போன வருடம் பால்பாண்டியின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. முத்திருளன் சீர்த்தட்டோடு வருகிற வழியில் டிராக்டர் பழுதாகிவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று எல்லோரும் பரபரத்ததில், பால்பாண்டி பெரியப்பா மகன் மடியில் பையனை வைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். முத்திருளன் வந்து சேர்ந்தபோது பையன் அழுது முடித்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தான். அவர் தட்டை வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனவர்தான்.

"முகாமுக்கு எல்லாருக்கும் போன்ல செய்தி போட்டேன். அவருக்குப் போடல. போட்டா மட்டும் வந்துருவாராக்கும்னு இருந்தேன்."

"வந்தாருல்ல" என்றான் ஆல்பின்.

பால்பாண்டி போன் எண்ணை மட்டும் சொன்னார். ஆல்பின் தன் போனிலிருந்து அழைத்து, யார், எங்கிருந்து, எதற்கு என்று வரிசையாகச் சொன்னான். மறுமுனையில் மாடு கத்துகிற சத்தம் கேட்டது.

"அம்புட்டு ரத்தமும் என்னாச்சு தம்பி? காலையில வரிசையில நின்னாய்ங்களே?"

ஆல்பின் ஒரு நொடி தயங்கி, "எங்க பக்கம் ஒரு தவறாயிருச்சுண்ணே" என்றான்.

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்காரு."

"அவனக் கேக்கச் சொல்லுங்க."

ஆல்பின் போனை நீட்டினான். பால்பாண்டி அதை வாங்கிக் காதில் வைத்தார். மருத்துவமனை வாசலில் ஆட்டோக்காரர்கள் யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான்" என்றார். "ரத்தம் பூராத்தையும் நான்தான் கெடுத்துப்புட்டேன் மச்சான். பூவுக்கு வைக்கிற மாதிரி ஐஸ வச்சுட்டேன். புள்ளைக்கு வாயில ரத்தம் நிக்கல." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

போனில் முத்திருளனின் குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. "தம்பி, எந்த ஆசுபத்திரின்னு மறுபடி சொல்லுங்க. பெரியார் நெலையத்துல எறங்கணுமா, மாட்டுத்தாவணியா?"

அவர் வந்தபோது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. பஸ்ஸில் வரவில்லை, பைக்கிலேயே வந்திருந்தார். மீசையெல்லாம் செம்மண். பால்பாண்டியைப் பார்த்தார், பார்க்காதது போல ஆல்பினிடம் வந்தார். இருவரும் ஒரே அறையில் இருந்துகொண்டு ஆல்பினோடுதான் பேசினார்கள்.

"வழியில சாப்பிட்டாரான்னு கேளுங்க தம்பி" என்றார் பால்பாண்டி.

"சாப்பிட்டேன்னு சொல்லுங்க" என்றார் முத்திருளன்.

ஆல்பின் இருவருக்கும் நடுவே ரத்த அழுத்தக் கருவியோடு நின்றான். கால் வலித்தது. காலையிலிருந்து உட்கார்ந்த நேரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டான். காய்ச்சல் உண்டா, தலைவலி மாத்திரை, மூட்டுவலி மாத்திரை ஏதும் போட்டீர்களா, நேற்று குடித்தீர்களா.

"சனிக்கெழம குடிக்க மாட்டேன் தம்பி. பெருமாளுக்கு."

"மதியம் கறி சாப்பிட்டீங்களா? கொழுப்பு சேந்தா பிளேட்லெட் பால் மாதிரி கலங்கி வரும், எடுக்க முடியாது. ஞாயித்துக்கெழமல்ல, அதான் கேக்குறேன்."

ஆன்மேரியும் நிமிர்ந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் இந்தக் கேள்வியில்தான் பாதிப் பேர் திரும்பிப் போவார்கள்.

"கறி எடுக்கல" என்றார் முத்திருளன். "ரெண்டு மூணு வாரமாவே எங்க வீட்டுல கறி எடுக்கல தம்பி. அந்தப் புள்ள மருந்து குடிச்சு மொடங்கிக் கெடக்கும்போது இங்க என்ன கறியும் சோறும். ரசஞ்சோறுதான்."

பால்பாண்டி சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை வாசிப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

சோதனைகள் எல்லாம் சரியாக வந்தன. நரம்பும் கயிறு மாதிரி. ஆல்பின் ஊசியை ஏற்றிக் குழாயைத் திறந்தான். இயந்திரம் முனகிக்கொண்டு சுழல ஆரம்பித்தது. சிவப்பு ஒரு குழாயில் போய் இன்னொன்றில் திரும்பி வந்தது. பக்கத்தில் தொங்கின பையில் மஞ்சள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. டாக்டர் மாதங்கி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மேலே வார்டுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் முத்திருளன் உதட்டை நக்கினார். "தம்பி, ஒதடு சுருக்கு சுருக்குங்குதே. எறும்பு ஊருற மாதிரி."

"ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து கலக்குறோம்ணே. அது அப்படித்தான் செய்யும். சுண்ணாம்புச் சத்து கொறையுது. ஆன்மேரி, பால் ஒண்ணு கொண்டா."

பால் வந்தது. முத்திருளனின் ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் அழுத்தம் பார்க்கிற பட்டை. ஆன்மேரி டம்ளரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். கவுன்ட்டரில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பால்பாண்டி டம்ளரை வாங்கினார். சூடு ஆறட்டும் என்று இரண்டு தடவை ஆற்றினார். பிறகு மச்சானின் தலைக்குப் பின்னால் கை கொடுத்து, டம்ளரை அவர் உதட்டருகில் பிடித்தார்.

"மீசையில ஊத்திராத" என்றார் முத்திருளன்.

"மீசைய யாரு இம்புட்டு வளக்கச் சொன்னா?"

ஆல்பின் அவசரமாக இயந்திரத்தின் திரையைப் பார்த்தான்.

பை நிரம்பியதும் ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்துக் கட்டினான். பையைச் சரிபார்த்து, சீட்டு ஒட்டி, ஆன்மேரி கையில் மேலே அனுப்பினான். சற்று நேரத்தில் வார்டிலிருந்து டாக்டர் மாதங்கி போனில் பேசினார். ஏறிக்கொண்டிருக்கிறது, காய்ச்சலோ நடுக்கமோ இல்லை. நாளைக் காலை எண்ணிப் பார்ப்போம் என்றார். "ஆனா இது ரெண்டு மூணு நாளைக்குத்தான் ஆல்பின். மருந்து இன்னும் முடியல. அவர விட்டுராத."

ஆல்பின் வெளியே வந்து பார்த்தான். முத்திருளன் பெஞ்சில் உட்கார்ந்து கட்டின கையை மடித்து வைத்திருந்தார். பால்பாண்டி ஒரு கை இடைவெளி விட்டு அதே பெஞ்சில்.

"அண்ணே, புதன்கெழம மறுபடி ஒரு தடவ வேண்டியிருக்கும். இது ரத்தம் குடுக்குற மாதிரி இல்ல, சீக்கிரமே திரும்பக் குடுக்கலாம். முடியுமா?"

"புதன்கெழமயா? புதன்கெழம எனக்கு உழவு இருக்கு தம்பி. மழ பேஞ்சிருக்கு, ஈரம் போறதுக்குள்ள ஓட்டியாகணும். நாலு பேருக்குச் சொல்லியிருக்கேன்."

"டிராக்டர நான் ஓட்டுறேன்" என்றார் பால்பாண்டி.

முத்திருளன் முதன்முறையாக அவர் பக்கம் முழுசாகத் திரும்பினார். "நீயா? பூ அடுக்குற கையி மாப்ள அது. நீ ஓட்டுனா அவிங்க வரப்பு வாய்க்கா எதுவும் மிஞ்சாது."

"எங்க அப்பா டிராக்டர்ல நான் ஓட்டாததா?"

"ஓட்டுனதத்தான் ஊரே பாத்துச்சே. பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டிய ஒடச்சவன் யாரு?"

"அது பிரேக்கு பிடிக்கல மச்சான்."

அவர்கள் பேச்சு முடிகிற மாதிரி தெரியவில்லை. புதன்கிழமைக்கு என்ன பதில் என்று ஆல்பின் இன்னொரு தடவை கேட்க நினைத்தான். கேட்காமல் உள்ளே திரும்பினான். மூன்று பெட்டிப் பைகளும் சோதித்துப் பிரிக்கக் காத்திருந்தன. கையைக் கழுவிக்கொண்டு முதல் பையை எடுத்து இயந்திரத்தில் வைத்தான்.